மிளகாய்ப் புகையும் முப்பத்திரண்டு லாக்குகளும்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் படகின் கதவில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. உள்ளே கால்வாய் அலுவலகத்தின் கடிதம். மூன்று தரம் வாசித்தேன். எங்கள் படகு 'நயினை' ஒரே இடத்தில் பதினான்கு நாட்களுக்கு மேல் கிடக்கிறதாம். இதை நகர்த்த படகில் ஆள் இல்லை என்று தகவல் கிடைத்திருக்கிறதாம். 23ஆம் திகதிக்குள் பயணப்படாவிட்டால் லைசென்ஸ் ரத்து. படகை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கண்டறியாத லைசென்ஸ்! வீட்டை விற்றுவிட்டு நாலு வருஷமாக இதற்குள்தான் வாழ்கிறோம். ஏழடி கூட அகலமில்லை. ஆனால் என் அடுப்பும் கட்டிலும் சாமிப்படமும் இதற்குள்தான் இருக்கின்றன. இது போனால் லெஸ்டரில் மகள் ஆரணி வீட்டுப் பின்னறைதான். பேரப்பிள்ளைகளின் உடைந்த சைக்கிள்களோடு நானும் ஒரு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

இவர் மார்ச் 26 அன்று, படகை ஏற்றி இறக்கும் லாக்கின் கதவின் மேல் நடக்கும்போது வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. வாட்ஃபர்ட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். வரப் பல நாளாகும். படகு ஓட்டுவது எப்போதும் அவர்தான். நான் இறங்கி லாக் கதவு திறப்பேன், சமைப்பேன், கயிறு எறிவேன். சுக்கானைத் தொட்டால் போதும், "விடும், விடும், நான் பாக்கிறன்" என்பார்.

சரி, யார் அந்தத் தகவல் கொடுத்த கோதாரி? எனக்கா தெரியாது! எங்களுக்குப் பின்னால் படகு கட்டியிருக்கும் டெரிக். எழுபது வயது வெள்ளைக்காரன், கூடவே ஒரு கிழட்டு நாய். போன கிழமை இரண்டு தரம் கேட்டான், "படகை யார் நகர்த்தப் போகிறார்கள்?" என்று. கையில் எந்நேரமும் ஒரு கொப்பி. போகிற வருகிற படகுகளின் நம்பரை எல்லாம் அதில் எழுதுவான்.

அன்றைக்கு இவரைக் கொளுக்கித் தடியால் இழுத்து எடுத்தவனும் அவன்தான். கும்பிட்டேனே அவனை! அந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

பொறு, டெரிக். உனக்கு இருக்கு.

ஏப்ரல் 10, புதன்

இவருக்கு டெலிபோன் எடுத்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வருத்தக்காரனுக்கு ஏன் அந்தரம்?

"ஆரணி அறையைத் துப்புரவாக்கிப் போட்டாளாம். பெரிய ஜன்னல். நல்ல வெளிச்சம்" என்றார்.

"ஆருக்கு வெளிச்சம்?"

"சும்மா சொல்லுறன். குளிருக்கை தனிய இருந்து என்ன செய்யப் போறீர்?"

"சீவிக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு வானத்தைப் பார்த்தேன். காற்று முன்னாலிருந்து பின்னால் அடித்தது, அதாவது என் படகிலிருந்து நேரே டெரிக்கின் ஜன்னலுக்கு. தட்டிலிருந்து ஒரு கிலோ செத்தல் மிளகாயை எடுத்தேன். கதவு, ஜன்னல், கூரைத் துவாரம் எல்லாவற்றையும் அகலத் திறந்தேன். பெரிய தாச்சியில் போட்டு வறுத்தேன். ஒரு பிடி கூடவே கருக விட்டேன். புகை எச்சரிக்கை மணி குழறியது, துண்டால் மூடினேன். என் கண்ணும் எரிந்து தண்ணீராய்க் கொட்டியது. பரவாயில்லை.

பத்து நிமிஷத்தில் பின்னால் தும்மல் தொடங்கியது. அவன் தும்மினான், பிறகு நாய் தும்மியது, பிறகு இரண்டும் சேர்ந்து. இவ்வளவு சந்தோஷமாக நான் கறித்தூள் வறுத்ததே இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

கொத்தமல்லியும் வறுத்தேன். காற்று மாறிவிட்டது. வீண்.

ஏப்ரல் 12, வெள்ளி

கழிவறைப் பெட்டி நிரம்பிவிட்டது. இதுவரை அதைக் கையால் தொட்டதில்லை, அது இவருடைய வேலை. இருபது கிலோ இருக்கும். சின்னத் தள்ளுவண்டியில் வைத்து, கரைப்பாதை வழியே கழிவு ஊற்றும் இடத்துக்கு அரை மைல் இழுத்துப் போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஊற்ற ஊற்ற டெரிக்கைத் திட்டினேன், வேலை சுலபமாக முடிந்தது.

திரும்பி வந்து பார்த்தால் பின்னால் வெறும் தண்ணீர்! ஆள் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். புகை தாங்கவில்லை. வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். ஐந்து நிமிஷம்தான். பிறகு விசர் பிடித்தது. ஒரு கிலோ மிளகாயோடு கணக்கு முடிந்ததா? என் வீட்டைப் பறிக்கப் பார்த்தவன் வேறு மரத்தடியில் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பானா?

கால்வாயில் ஒருவன் எங்கே ஒளிக்க முடியும்? ஒரே பாதைதான். கிளை இல்லை. இந்த நீளப் படகைத் திருப்புவதற்குக்கூட அகலமான இடம் தேடித்தான் போக வேண்டும். ஓடினாலும் மணிக்கு மூன்று மைல்தான். வாட்ஃபர்ட் பக்கம் போனானாம், கரையில் மீன் பிடிக்கிறவர் சொன்னார். நானும் எப்படியோ நகர வேண்டியவள்தானே.

ஏப்ரல் 13, சனி

ஓட்டினேன்!

டீசல் பார்த்தேன், பின்னால் கிறீஸ் போடும் பிடியை இரண்டு சுற்று சுற்றினேன், இவர் செய்வதைப் போலவே. சாவியைத் திருப்பினேன். கறுப்புப் புகை விட்டுக்கொண்டு இயந்திரம் எழும்பியது. முன் கயிறு, பின் கயிறு அவிழ்த்து, கரையில் அறைந்திருந்த இரும்பு முளைகளைப் பிடுங்கி ஏறினேன். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகிறது. மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. முதல் பத்து நிமிஷத்தில் ஒரு வில்லோ மரத்துக்குள் புகுந்து, கூரையில் இருந்த பூச்சட்டியைப் பறிகொடுத்தேன். வேகம் கூட்டினால் படகு இன்னும் மோசமாக ஆடும். மெல்லப் போனால் சொல்வழி கேட்கிறது.

முதல் லாக்கில் செத்துப் பிழைத்தேன். லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணீர்க் கிடங்கு. படகை உள்ளே விட்டு, மேல் கதவைச் சாத்தி, கீழ் மடையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், படகும் கூட இறங்கும். கதவில் இருக்கும் அந்தப் பலகைக்கு இவர் ஆங்கிலப் பெயர் சொல்வார், எனக்கு அது மடைதான். தனி ஆள் என்றால் நடுக்கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, படகு இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான் நயினாதீவுக்காரி. வள்ளம் என்றால் இறுக்கிக் கட்டினால்தான் எங்களுக்கு மனம் ஆறும். இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு மடையைத் திறக்கப் போனேன். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. உள்ளே கோப்பைகள் விழுந்து நொறுங்கும் சத்தம். முடிச்சு இரும்பாக இறுகிவிட்டது. ஓடிப்போய் மடையை மூடி, மேல் மடையைத் திறந்து, தண்ணீரை நிரப்பிப் படகை நிமிர்த்தினேன்.  புல்லில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு முடிச்சில்லாமல் ஒரு சுற்று மட்டும் சுற்றி, அதே லாக்கில் இறங்கினேன். ஒன்று முடிந்தது. வாட்ஃபர்ட் வரை மொத்தம் முப்பத்திரண்டு.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பொங்கல் அடியில் பிடித்துவிட்டது. மிஞ்சியிருந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றைச் சாமிக்கு வைத்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

ஐந்து லாக். ஒவ்வொன்றும் நான் போகும்போது காலியாகவே இருக்கிறது. நான் இறங்குகிறவள், எனக்கு நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நிரப்ப இருபது நிமிஷம். முன்னால் இறங்கிப் போகிறவன் யார்? அவன்தான். வேண்டுமென்றே எல்லாவற்றையும் காலியாக்கிவிட்டுப் போகிறான், மூதேவி.

(இறங்கிப் போகிற எந்தப் படகும் லாக்கைக் காலியாகத்தான் விட்டுப் போகும். தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.)

மத்தியானம் இயந்திரம் முக்கியது, படகு அசையவில்லை. பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஏதோ சுற்றியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பின்தளத்தில் இருக்கும் மூடியைத் திறந்து, தோள் வரை கையை விட்டேன். ஐயோ, குளிர்! யாரோ எறிந்த திரைச்சீலை. பாண் வெட்டும் கத்தியால் முக்கால் மணித்தியாலம் அறுத்தேன். மூடியைத் திரும்ப இறுக்காமல் விட்டால் படகு தாழும், அதனால் மூன்று தரம் இறுக்கினேன்.

இரவு இவர் கேட்டார், "என்ன செய்யிறீர்?"

"சும்மா அடுப்படியில இருக்கிறன்."

"கேட்டீரே, ஆரணி உமக்குப் புதுக் கட்டில் எடுத்துப் போட்டாளாம்."

எனக்கு மட்டும் ஏன் கட்டில்? விளங்கவில்லை. நித்திரை வந்துவிட்டது.

ஏப்ரல் 16, செவ்வாய்

மழை. ஆறு லாக். கண்டேன்! பெர்க்கம்ஸ்டெட்டுக்குக் கீழே, வளைவுக்கு அப்பால், அவனுடைய பச்சைக் கூரை. நான் வேகத்தைக் கூட்டவில்லை. கரையில் நடந்து போன ஒரு கிழவி என்னை முந்திப் போனாள்.

ஏப்ரல் 17, புதன்

வின்க்வெல்லில் தெருவுக்குக் குறுக்கே ஒரு சுழல் பாலம். பெட்டிக்குள் சாவி போட்டால் மணி அடித்துக்கொண்டு தெரு தானே விலகும். ஆறு கார்கள் எனக்காக நின்றன. முப்பது வருஷம் இந்த நாட்டில் ஒருவரும் எனக்காக நின்றதில்லை. மெல்ல, ஆறுதலாகத்தான் போனேன்.

அதற்குக் கீழே இரண்டு லாக்குகளுக்கு நடுவில் சின்ன நீர்த்துண்டு. அங்கே டெரிக் படகைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டியிருந்தான். என்னைக் கண்டதும் வாய் பிளந்தான்.

"தனியாகவா வந்தாய்?"

 அவனைத் தாண்டிப் போய்க் கீழ் லாக்கில் இறங்கினேன். இனி நான் முன்னால். கீழ்க் கதவைச் சாத்தாமல் வந்தேன், அவசரம். மேல் மடை முழுக்க மூடியதா என்று சரியாக ஞாபகம் இல்லை. பழைய லாக், மடையைத் தூக்கும் சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கும்.

ஒரு மைல் தள்ளிக் கட்டினேன். கத்தரிக்காய்க் கறியும் சோறும்.

பின்னேரம். ஒரு நடைக்காரன் சொல்லிக்கொண்டு போனான், மேலே ஒரு நீர்த்துண்டு வற்றிவிட்டதாம், படகு ஒன்று சேற்றில் சரிந்து கிடக்கிறதாம்.

சேற்றில் கிடக்கட்டும்!

இருந்தாலும் போய்ப் பார்த்தேன். சும்மா பார்க்கத்தான் போனேன். கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடிவயிறு வெளியே தெரிந்தது. நாய் கரையில் நடுங்கிக்கொண்டு நின்றது. டெரிக் புல்லில் இருந்தான். வலக்கையை வாளித் தண்ணீருக்குள் வைத்திருந்தான். படகு சரிந்தபோது கொதித்த கேத்தல் வழுக்கி வந்து கையில் ஊற்றியிருக்கிறது. தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது.

"யாரோ பொடியன்கள் மடையைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள்" என்றான்.

"பொடியன்கள்தான்" என்றேன்.

மேல் லாக்கால் தண்ணீர் விட்டு அந்தத் துண்டை நிரப்ப இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கைக்கு மருந்துத் துணி கட்டிவிட்டேன். அவன் நன்றி சொன்னான். அதைக் கேட்க எனக்குக் காதில் குத்தியது.

ஏப்ரல் 18, வியாழன்

மேல் மடையை நான் மூடவில்லை. தெரிந்துதான் மூடவில்லை. நேற்று எழுதியது பொய்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஒற்றைக் கையால் அவனால் மடைப்பிடியைச் சுற்ற முடியாது. இந்தக் கால்வாயின் லாக்கில் இரண்டு ஒடுங்கிய படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். சுக்கான் எனக்கு. அவன் முதுகால் கதவு தள்ளுவான், நான் மடை சுற்றுவேன். இரட்டைப் படகோடு எட்டு லாக். கரையில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள்.

இன்னும் எனக்கு அவன் மேல் கோபம்தான். செய்த பிழைக்குக் கூலியாக இழுத்துப் போகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 20, சனி

லாக்குக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொப்பியை எடுத்து எழுதினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்போது யாரைக் காட்டிக்கொடுக்கிறாய்?"

கொப்பியை நீட்டினான். படகுப் பெயர்கள், நிறம், கண்ட திகதி. ரயில் நம்பர் எழுதித் திரிகிற விசரர்களைப் போல இவனும் படகு எழுதுகிற விசரன். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'அழகான நீலம்' என்று இருந்தது.

"கால்வாய் அலுவலகத்துக்குச் சொன்னது நீதானே?" என்று நேரே கேட்டேன்.

அவன் நாயைத் தடவினான். "இன்னும் உனக்குத் தெரியாதா? உன் கணவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்து அவரே அலுவலகத்துக்குப் பேசினார். லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், படகைக் கொண்டு போங்கள் என்று. எனக்கும் போன் எடுத்து, கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார். உனக்குச் சொல்லக்கூடாது என்றார். அவள் ஓட்டிவிடுவாள் என்று நான் சொன்னேன். சிரித்தார்."

சிரித்தாரா!

கயிறு என் கையை விட்டு நழுவியது, எட்டிப் பிடித்தேன். எல்லாம் விளங்கியது. பெரிய ஜன்னல், புதுக் கட்டில். என் வீட்டை என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு இரவும் என்னோடு கதைத்திருக்கிறார்.

டெரிக்குக்கு மடை விஷயத்தைச் சொன்னேன். மிளகாயையும் சொன்னேன்.

"மடை நீதான் என்று தெரியும். பொடியன்கள் என்றால் தூக்கிய மடைக்கு அவ்வளவு ஒழுங்காகக் கொளுக்கி போட்டுவிட்டுப் போக மாட்டார்கள்" என்றார். "மிளகாய் எனக்காகவா? நீ சமைக்கிறாய், ஒரு தட்டு வரும் என்று இரண்டு நாள் பார்த்திருந்தேன். பதினான்கு நாள் முடிந்தது, அதுதான் கிளம்பினேன்."

பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "ஆனால் இது நல்லதில்லை, நகுலா. நான் படகுக்குள் நித்திரையாக இருந்திருந்தால்?"

 "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். இரவு சோறும் கத்தரிக்காயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டைக் கழுவாமல் திருப்பித் தந்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

முப்பத்திரண்டாவது லாக். வாட்ஃபர்ட் பூங்காவுக்குப் பக்கத்தில் கட்டினேன். தண்ணீர் நிரப்பினேன், பெட்டி ஊற்றினேன், தளம் கழுவினேன். நாளைக்கு இவருக்கு இருக்கு.

ஏப்ரல் 22, திங்கள்

உயிர்காப்பு அங்கியோடும் சேற்றுச் சப்பாத்தோடும் அப்படியே வார்டுக்குப் போனேன். இவர் தலையணையில் சாய்ந்து ஜெலி தின்றுகொண்டிருந்தார்.

"ஆரணியே கூட்டிக்கொண்டு வந்தவள்?"

"இல்லை. படகில வந்தனான்."

சிரித்தார். டெரிக் சொன்ன அதே சிரிப்பு. நான் இரண்டு கையையும் விரித்துக் கட்டிலில் வைத்தேன். கயிறு அறுத்த கோடுகள், பழுத்த கொப்புளங்கள், நகத்துக்குள் கறுப்புக் கிறீஸ். கரண்டியைக் கீழே வைத்தார்.

"கால்வாய் ஒபிஸுக்கு அடியுங்கோ. இப்ப. ஸ்பீக்கரில போடுங்கோ."

"நகுலா, சனம் இருக்கு..."

"இருக்கட்டும். அடியுங்கோ!"

அடித்தார். ஒரு பெண் எடுத்தாள். படகின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் முன்பு சொன்னதை வாசித்தாள். "மனைவிக்கு ஓட்டத் தெரியாது, இந்த வயதில் பழகவும் மாட்டார் என்று இங்கே பதிவாகியிருக்கிறது. சரிதானே?"

பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையைத் தாழ்த்தினார். இவர் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

"பிழை" என்றார் இவர். "அவ பதினைந்து மைல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறா. முப்பத்திரண்டு லாக்." பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார், "அண்டைக்கு நான் விழுந்த உடனை நீர் பின்னால குதிச்சனீர். நீந்தத் தெரியாமல்! டெரிக் ரெண்டு பேரையும் இழுத்தான். முதல் உம்மைத்தான் இழுத்தான், உம்மடை தலை தண்ணிக்குக் கீழ கிடந்தது. எனக்குக் கண்ணை மூடினால் அதுதான் தெரியுது. இன்னொருக்கா என்னால ஏலாது."

அதை நான் இந்தக் கொப்பியில் எழுதவில்லை. எழுத விருப்பமில்லை. குதித்தது ஞாபகம் இருக்கிறது, பிறகு பச்சைத் தண்ணீர்.

"பயமெண்டால் பயமெண்டு சொல்லியிருக்கலாம்" என்றேன். குரல் உடைந்தது. எனக்கு அதில் இன்னும் கோபம் வந்தது. "என்ரை வீடு அது. என்னைக் கேக்காமல் ஆரும் குடுக்கேலாது, நீங்களும் தான்."

"ஹலோ?" என்றது போன்.

லைசென்ஸை யார் பெயரில் தொடர்வது என்று அந்தப் பெண் கேட்டாள். என் பெயர் என்று நான் சொல்லவில்லை, அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். நகுலேஸ்வரி பரராசசிங்கம் என்று ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக, முழு வார்டுக்கும் கேட்கச் சொன்னார். அவள் இரண்டு இடத்தில் பிழைவிட்டாள், முதலிலிருந்து திரும்பச் சொல்ல வைத்தேன்.

"படகை ஓட்டுபவர் அவர். அப்படியென்றால் உங்களை என்னவென்று போடுவது, ஐயா?"

இவர் போனை என் பக்கம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனுக்குக் குனிந்தேன்.

"பயணி என்று போடுங்கள்" என்றேன்.

அப்படியே போட்டார்கள்.